சுவரொட்டியில் விடுபட்ட துணைக்கால்

மல்லாங்கிணறு,
10.8.2003

அன்புள்ள கோட்டைச்சாமி மாமாவுக்கு,

உங்கள் மருமகள் சொர்ணலட்சுமி எழுதுவது. ‘இங்கு அனைவரும் நலம்’ என்று கடிதத்தைத் தொடங்க வேண்டுமாம். எங்கள் இலக்கணப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நான் அந்த வரியை எழுதிவிட்டு அடித்துவிட்டேன்.

தாளைத் திருப்பிப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நீங்கள் சிவகாசி பிரஸ்ஸிலிருந்து எனக்கு வாங்கித் தந்த கழிவுத் தாள்தான். பின்பக்கம் புஸ்வாண லேபிள் இருக்கிறது. இந்தப் பக்கம் வெள்ளையாக இருப்பதால் வீணாக்க மனம் வரவில்லை. போன் பேசலாம் என்றால் பூத்துக்கு அம்மாவும் கூடவே வருவாள். அதனால்தான் கடிதம்.

நீங்கள் போன மாதம் வந்துவிட்டுக் கோபமாகப் போனதிலிருந்து அம்மா உங்கள் பேச்சை எடுப்பதில்லை. ஜூலையில் வேலைநிறுத்தம் செய்தவர்களையெல்லாம் அரசு வேலையை விட்டு நீக்கியது. கோர்ட் சொன்ன பிறகு பெரும்பாலானவர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். விருதுநகரில் ஊர்வலம் போய்க் கைதானவர்களை மட்டும் எடுக்கவில்லை. அந்தப் போலீஸ் வண்டியில் அம்மாவும் இருந்தாள். இவ்வளவும் உங்களுக்குத் தெரியும்.

எனக்குத் தெரிய வேண்டியது வேறு. அன்றைக்கு அப்பா உங்களிடம், “மச்சான், நீங்க கட்சியில கிளைச் செயலாளரு. எம்.எல்.ஏ. காதுல ஒரு வார்த்தை போட்டு வையிங்க” என்றார். நீங்கள், “தங்கச்சாமி, என் தங்கச்சிக்குன்னு தனியா ஒரு சட்டம் கேக்க மாட்டேன். கவர்மெண்டு எடுத்த நடவடிக்கை சரிதான்” என்றீர்கள். அம்மா காபித் தம்ளரை உங்கள் முன்னால் வைத்துவிட்டு, “நானும் கேக்கலையே. எங்கிட்டயே வந்து சரிதான்னு சொல்லிட்டீகள்ல, அது போதும்” என்றாள். நீங்கள் காபியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டீர்கள். அப்பா மறுநாள் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூருக்குப் போய்விட்டார். ஆறிய காபியை நான்தான் கீழே ஊற்றினேன்.

ஏன் மாமா அது சரி? எனக்குப் புரியும்படி எழுதுங்கள். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

நீங்கள் வைத்த பேரிலேயே முடிக்கிறேன்.

இப்படிக்கு,
துணைக்கால்

பி.கு.: 2001 தேர்தல் போஸ்டரில் உங்கள் பேரைக் ‘கோட்டைச்சமி’ என்று அச்சடித்திருந்ததை நான்தானே முதலில் கண்டுபிடித்தேன்! “ஊரே பாத்துச்சு, ஒருத்தனுக்கும் ‘சா’வுல காலு இல்லாதது தெரியல. இந்தக் கழுதைக்குத் தெரிஞ்சிருக்கு” என்று நீங்கள் எனக்கு இந்தப் பேரை வைத்தது ஞாபகம் இருக்கிறதா?

* * *

எம். புதுப்பட்டி,
24.8.2003

அன்புள்ள துணைக்காலுக்கு,

உன் கடிதம் கம்பெனி முகவரிக்கு வந்தது. மேனேஜர், “என்ன ஃபோர்மேன், புஸ்வாணத்துல லெட்டர் வருது” என்று கேலி செய்தார்.

கேட்டாய், சொல்கிறேன். அரசு ஊழியர்கள் மேல் எனக்குப் பகை இல்லை. உன் அம்மா சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதப் போனபோது விருதுநகர்வரை சைக்கிளில் வைத்து மிதித்தவன் நான். யார் சிபாரிசும் இல்லாமல் பாலம்மாள் பாஸ் செய்து வேலை வாங்கினாள் என்று இந்த ஊரில் நான் சொல்லாத ஆள் இல்லை.

ஆனால் வேலைநிறுத்தம் நடந்த வாரத்தில் எங்கள் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிற பொன்னுத்தங்கத்துக்குக் கையில் தீப்பட்டது. தூக்கிக்கொண்டு ஓடினோம். வழியில் இருந்த அரசு ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்தது. சிவகாசிக்குப் போய்ச் சேருகிறவரை அந்தப் பிள்ளை என் சட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பென்ஷன் கிடையாது, லீவு கிடையாது. ஒரு நாள் வரவில்லை என்றால் அன்றைக்குக் கூலி இல்லை. இந்த ஜனங்கள் வரி கட்டி நடத்துகிற ஆபீசை, இவர்களை விட நல்ல நிலையில் இருப்பவர்கள் பூட்டிவிட்டுப் போகலாமா? ஆட்சியில் இருக்கிற எங்கள் கட்சிக்காரர்கள் சட்டசபையில் இதைத் துணிந்து தட்டிக் கேட்டார்கள். நான் ஓட்டு கேட்டுப் போன எங்கள் எம்.எல்.ஏ. மேசையைத் தட்டி ஆதரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

தனிச் சட்டம் ஏன் கேட்கவில்லை தெரியுமா? இங்கே வெடிமருந்து இருப்பதால், இடிச் சத்தம் கேட்டால் எல்லாரும் ஷெட்டை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். “அண்ணாச்சி, இந்த ஒரு கட்டு மட்டும் முடிச்சிட்டு வாரேன்” என்று எவளாவது கேட்பாள். எங்கள் அக்கா மகளும் இங்கேதான் வேலை பார்க்கிறாள். அவளும் கேட்பாள். ஒருத்திக்கு விட்டால் அப்புறம் நான் ஃபோர்மேன் இல்லை.

ஆனால் அம்மா முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டாம். இதை அவளிடம் சொல்லாதே.

நன்றாகப் படி. பத்தாம் வகுப்பு.

அன்பு மாமா,
கோட்டைச்சாமி

* * *

மல்லாங்கிணறு,
9.11.2003

அன்புள்ள மாமாவுக்கு,

கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பிய தீபாவளிப் பெட்டி வந்தது. மிக்க நன்றி. சங்குசக்கரம் எல்லாம் நன்றாகச் சுற்றியது. ஒன்று மட்டும் எங்கள் தெருப் பாலு மாமா வீட்டுக் கோழிக்கூண்டுக்குள் போய்ச் சுற்றியது. அதற்கு வந்த திட்டு தனி.

அம்மா இப்போது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் டைப் அடிக்கிறாள். பத்திரம், மனு எல்லாம். வேலைநீக்கத்தை எதிர்த்து மற்றவர்கள் எழுதும் மனுவையும் அவளே அடிக்கிறாள். “எழுத்துப் பிழை இல்லாம அடிக்கிறது இந்தம்மா ஒண்ணுதான்” என்று தேடி வருகிறார்கள்.

மாமா, நான் ஒரு தப்புச் செய்தேன். நீங்கள் எழுதிய இடி விஷயத்தையும் பொன்னுத்தங்கம் அக்கா விஷயத்தையும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். (நீங்கள் சொல்லாதே என்றதைச் சொல்லவில்லை.) அம்மா விரலை எழுத்துகளின் மேலேயே வைத்துக்கொண்டு, “பென்ஷன்ல கை வைக்கிறாக, இருந்த சலுகையப் புடுங்குறாக. எங்களுக்கு இடி கேட்டுச்சு, நாங்க வெளிய வந்தோம். உங்க மாமாவே சொல்லுதாகள்ல, இடி கேட்டா வெளிய வரணும்னு?” என்றாள்.

எனக்கு இரண்டு பக்கமும் சரியாகப் படுகிறது. இது என் புத்தியில் உள்ள கோளாறா?

ஆனால் பொன்னுத்தங்கம் அக்காவைப் பற்றிச் சொன்னபோது அம்மா, “கை இப்ப எப்படி இருக்காம், கேட்டு எழுது” என்று மட்டும் சொன்னாள். கேட்கிறேன். எப்படி இருக்கிறது?

இன்னொன்று. அம்மாவோடு அதே வண்டியில் கைதான ஓர் அக்காவை வேலையில் எடுத்துவிட்டார்கள். அவர் உங்கள் எம்.எல்.ஏ.வுக்குச் சொந்தமாம். உங்கள் ஷெட்டில் இப்படி நடக்குமா மாமா?

இப்படிக்கு,
துணைக்கால்

* * *

எம். புதுப்பட்டி,
3.12.2003

அன்புள்ள துணைக்காலுக்கு,

பொன்னுத்தங்கத்துக்குக் கை ஆறிவிட்டது. விரல் முழுதாக மடங்கவில்லை. பெட்டி ஒட்டுகிற வேலைக்கு மாற்றியிருக்கிறேன். உன் அம்மா விசாரித்ததைச் சொன்னேன். “டைப்பு அடிக்கிற அக்காவா? அவுகளுக்கு வேலை கெடைச்சிருச்சா?” என்று திருப்பிக் கேட்டாள்.

உன் கடைசிக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. எம்.எல்.ஏ. வீட்டுக்கே போய்விட்டேன். கூடம் நிறைய ஆட்கள். கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “அண்ணாச்சி, முன்னாடியே வந்திருக்கலாம்ல? உங்க தங்கச்சி பேரைச் சொல்லுங்க, வரிசையில சேத்துருவோம்” என்றார்.

“எனக்கு வரிசை வேண்டாம்யா. தப்புன்னு வீட்டுக்கு அனுப்புனீக, நான் சரின்னேன். ஊர்ல பேச்சு வாங்குனேன், தங்கச்சிய இழந்தேன். இப்ப ஆளு பாத்து எடுத்தா அது என்ன சட்டம்? எடுத்தா எல்லாரையும் எடுங்க. இல்ல, ஒருத்தரையும் எடுக்காதீக” என்றேன்.

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். “அண்ணாச்சி இன்னும் மருந்து ஷெட்டுலயே நிக்காக” என்றார் எம்.எல்.ஏ.

நான் சங்கக்காரன் ஆகிவிட்டேன் என்று நினைக்காதே. வேலைநிறுத்தம் தப்பு என்பதில் எனக்கு மாற்றமில்லை. எனக்கு ஆத்திரம் எல்லாம், சட்டம் போட்டவர்களே அதை நம்பவில்லை என்பதுதான். சங்கத்துக்காரர்களாவது அவர்கள் சொன்னதை நம்பினார்கள்.

பிறந்த வீட்டுச் சீராகப் பொங்கல் படி அனுப்புவேன். நான் நேரில் வரவில்லை. வந்தால் பேச்சு வளரும்.

கோட்டைச்சாமி

* * *

மல்லாங்கிணறு,
18.1.2004

அன்புள்ள மாமாவுக்கு,

பொங்கல் படி வந்து சேர்ந்தது. பச்சரிசி, வெல்லம், மஞ்சள் குலை, கரும்பு எல்லாம்.

அம்மா கண்டக்டரிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டாள். அவர் போன பிறகு, “பொறந்த வீட்டுப் படின்னா அண்ணன் தோள்ல வரணும். கண்டக்டர் எனக்கு அண்ணனா?” என்றாள். கடையில் வாங்கிய அரிசியில்தான் பொங்கல் வைத்தாள். உங்கள் கரும்பு கதவு மூலையில் சாத்திக் கிடந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம், “அண்ணன் கொண்டாந்தாகளா?” என்று கேட்க, அம்மா அடுப்படிக்குள் போய்விடுவாள்.

நான் மட்டும் யாருக்கும் தெரியாமல் ஒரு கணு கடித்தேன். துக்கத்தில் ருசிக்கவில்லை என்று எழுதலாம். ஆனால் நல்ல இனிப்பு மாமா.

பரீட்சை வருகிறது. இனிமேல் தேர்வு முடிந்துதான் எழுதுவேன்.

துணைக்கால்

* * *

மல்லாங்கிணறு,
30.5.2004

அன்புள்ள மாமாவுக்கு,

தேர்வில் தேறிவிட்டேன். தமிழில் எங்கள் பள்ளியில் நான்தான் முதல். இதைப் பெரிதாக எழுத நினைத்திருந்தேன். ஆனால் வேறு ஒன்று நடந்துவிட்டது.

பாராளுமன்றத் தேர்தல் முடிவு வந்த பிறகு, போன வருட நடவடிக்கைகள் எல்லாவற்றையும் அரசு ரத்து செய்துவிட்டதல்லவா? அம்மாவுக்கும் உத்தரவு வந்தது. ஜூன் பத்தாம் தேதிக்குள் வேலையில் சேர வேண்டும். அம்மா உத்தரவைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு ஆபீஸ் சேலையை எடுத்து இஸ்திரி போட்டாள். இஸ்திரி போடும்போது பாடினாள். நான் அம்மா பாடிக் கேட்டதே இல்லை.

நேற்று எனக்குச் செருப்பு வாங்க விருதுநகருக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டுச் சுவர் முழுவதும் போஸ்டர். ‘எங்கள் குடும்பங்களில் மீண்டும் விளக்கேற்றிய சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு நன்றி! நன்றி! நன்றி!’ கீழே ‘இவண்’ போட்டுப் பேர்கள். அதில் உங்கள் பேர்.

அம்மா அதைப் படித்துவிட்டு, கூட்டத்தில் நின்றபடியே, “நான் பரீட்சை எழுதி வாங்குன வேலைக்கு எங்கண்ணன் யாருகிட்டயோ நன்றி சொல்லிட்டாகளா?” என்றாள். செருப்பு வாங்காமலே திரும்பிவிட்டோம்.

“கேக்க மாட்டேன் கேக்க மாட்டேன்னு சொல்லிட்டு, எனக்குத் தெரியாமப் போயி கேட்டிருக்காக. சிபாரிசு நாற்காலியில நான் உக்கார மாட்டேன். டைப்புக் கடையே போதும்” என்கிறாள். அப்பா பரோடாவிலிருந்து போன் செய்து, “போ பாலம்மா, வீம்பு புடிக்காத” என்று சொல்லியும் கேட்கவில்லை. சேலை இஸ்திரி மடிப்போடு கொடியில் தொங்குகிறது.

நீங்கள் கேட்டீர்களா மாமா? ஆமாம் என்றாலும் எழுதுங்கள். உடனே எழுதுங்கள். பத்தாம் தேதிக்குள்.

சொர்ணலட்சுமி

* * *

எம். புதுப்பட்டி,
3.6.2004

மருமகளுக்கு,

நான் எந்தப் போஸ்டரையும் பார்க்கவில்லை. யாருக்கும் நன்றி சொல்லவில்லை. தேர்தல் முடிவு வந்த மறுநாளே கிளைச் செயலாளர் பொறுப்பை எழுதிக் கொடுத்துவிட்டேன். போன வருடம் இவர்களை நீக்கியது சரி என்று மேசையைத் தட்டிய அதே கை இந்த வருடம் திரும்ப எடுத்ததற்கு லட்டு கொடுக்கிறது. இரண்டு முறையும் ஓட்டைத்தான் பார்த்தார்கள். ஒரு முறையாவது நியாயத்தைப் பார்த்திருக்கலாம். இவர்களுக்கா நான் நன்றி சொல்வேன்?

பாலம்மாளுக்கு என்னைத் தெரியாதா? நாற்பது வருடமாக என்னைப் பார்க்கிற கூடப் பிறந்தவள் ஒரு சுவரைப் பார்த்து நம்பிவிட்டாள் என்றால் நான் என்ன சொல்ல இருக்கிறது? ஒருவேளை அவளே போய்க் கேட்டுவிட்டு என் பேரைச் சொன்னாளோ என்னவோ.

மேலே உள்ள கடைசி வரி இல்லாமல் கடிதத்தைத் திரும்ப எழுத நினைத்தேன். வேறு தாள் இல்லை. நீ அவளிடம் அதைப் படித்துக் காட்டாதே.

தமிழில் முதல் என்றாய். சந்தோஷம்.

கோட்டைச்சாமி

* * *

மல்லாங்கிணறு,
8.6.2004

அன்புள்ள, அன்புள்ள, அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா நேற்று வேலையில் சேர்ந்துவிட்டாள்! முதலில் இதை எழுதிவிட்டேன். இனி நிதானமாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. நீங்கள் பொய் சொல்ல மாட்டீர்கள். அம்மாவும் பொய் சொல்ல மாட்டாள். அப்படியானால் பொய் சொல்வது சுவர்தான். இப்படி யோசித்துக்கொண்டே செருப்பு வாங்கப் போவதாகச் சொல்லி, அடுத்த வீட்டு ரோஜா அக்காவோடு விருதுநகருக்குப் போனேன்.

பஸ் ஸ்டாண்டில் போஸ்டருக்கு முன்னால் நின்று, விடைத்தாளைத் திருத்துவது போல ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். முதல் தடவை அம்மாவின் கோபத்தில் நான் சரியாகப் படிக்கவில்லை. மாமா, ‘கோட்டைச்சமி’! துணைக்கால் இல்லை! மூன்று வருடங்களுக்கு முன் தேர்தல் போஸ்டரில் விட்ட அதே கால்! பக்கத்தில் ‘கிளைச் செயலாளர்’ என்று வேறு இருக்கிறது. நீங்கள்தான் பொறுப்பை விட்டுவிட்டீர்களே.

இன்னும் இருக்கிறது. உங்களுக்கு அடுத்த பேர் லட்சுமிகாந்தம். உங்கள் ஊர் டெய்லர் கடை லட்சுமிகாந்தம் தாத்தாதானே? போன புரட்டாசியில் அவர் இறந்து, நீங்கள் கேதத்துக்குப் போனதாக அப்பா சொன்னாரே!

நான் அங்கேயே சிரித்துவிட்டேன். டீக்கடைக்காரர், “ஏ பாப்பா, நன்றி போஸ்டர்ல என்ன ஜோக்கு?” என்று கேட்டார். “செத்தவுகளும் நன்றி சொல்லியிருக்காக அண்ணாச்சி” என்றேன். அவரும் வந்து படித்தார். பிறகு டீ குடிக்க வந்தவர்களும் படித்தார்கள். போஸ்டரின் ஒரு மூலை பிரிந்து தொங்கியது. கீழ்ப்பகுதியை மட்டும் மெதுவாக உரித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அம்மா முன்னால் விரித்து வைத்தேன். அவள் எழுத்துப் பிழை பொறுக்காதவள் அல்லவா? விரல் நேராகப் போய்ச் ‘ச’வில் நின்றது. அப்புறம் லட்சுமிகாந்தம் தாத்தா பேருக்கு நகர்ந்தது. “அடப்பாவிகளா, பழசைத் தூக்கி ஒட்டியிருக்கான்வ” என்றாள். “செத்த மனுசனையும் விடல!” என்று சிரிக்க ஆரம்பித்தவள், சிரித்துக்கொண்டே அழுதாள். “எங்கண்ணன் பேசல. எங்கண்ணன் யாருகிட்டயும் போயி நிக்கல” என்று தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்.

மாமா, போன வருடம் நீங்கள் அவள் பக்கம் பேசவில்லை என்று கோபப்பட்டவள், இப்போது நீங்கள் பேசவில்லை என்று சந்தோஷத்தில் அழுகிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்று ஆபீஸிலிருந்து வந்த பிறகு அவளே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை எம்.எல்.ஏ.வுக்குப் பாராட்டு விழாவாம். சிபாரிசில் முன்னாலேயே வேலைக்குத் திரும்பியவர்களை எல்லாம் வரிசையாக நிற்கவைத்துச் சால்வை போட வைத்தார்களாம். அம்மாவோடு கைதான அந்த அக்காவும் நின்றாராம். ஆபீஸில் அம்மாவிடம், “உனக்கென்னக்கா, நீ யாருக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை” என்றாராம்.

“எங்கண்ணன் அன்னைக்கு ஒரு வார்த்தை பேசியிருந்தா நானும் அந்த வரிசையில நின்னிருப்பேன். எனக்கு வேலையும் இருக்கு, நிமிந்து போக முதுகும் இருக்கு. அது எங்கண்ணன் செஞ்சதுதான்” என்று அம்மா சொன்னாள். இதை உங்களுக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். “எழுது” என்றாள். “நான் செஞ்சது தப்புன்னு அவுக இன்னும் சொல்லுவாக. சொல்லட்டும். வந்து சொல்லச் சொல்லு. வந்தா காபியக் குடிச்சிட்டுச் சொல்லச் சொல்லு.”

அப்புறம் என் தலையில் ஒரு குட்டு வைத்து, “ஊரே பாத்த போஸ்டரு. இந்தக் கழுதைக்குத்தான் தெரியுது” என்றாள். அப்படியே நீங்கள் சொல்வது போலவே!

உங்கள் கடிதத்தில் அடிக்காமல் விட்ட அந்த ஒரு வரியை நான் கத்தரித்துவிட்டேன்.

நன்றியுடன்,
துணைக்கால்

* * *

எம். புதுப்பட்டி,
14.6.2004

அன்புள்ள துணைக்காலுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படித்தேன். பொன்னுத்தங்கம், “என்ன அண்ணாச்சி, கண்ணுல மருந்துத் தூசியா?” என்றாள். ஆமாம் என்றேன். உன் அம்மா வேலையில் சேர்ந்துவிட்டாள் என்றதும், அந்த மடங்காத விரலோடு கையைத் தட்டினாள்.

அந்தப் போஸ்டரை அடித்த பிரஸ்ஸுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். ஜெபசுந்தர்தான் மிஷினில் இருந்தான். “அண்ணாச்சி, ராத்திரிக்குள்ள வேணும்னு அவசர ஆர்டர். மேல மட்டும் புதுசு. கீழ எலெக்சன் போஸ்டர்ல இருந்ததை அப்படியே எடுத்து வச்சிட்டோம். எம்.எல்.ஏ. ஆளுகளே பாத்து ஓகே பண்ணுனாக” என்றான். “ஏலே, மூணு வருசமாடா என்னைக் காலில்லாம நடக்க விட்டீக?” என்றேன். அவன் பாவம், புது பிளேட்டு இலவசமாகப் போட்டுத் தருகிறேன் என்றான். எனக்கு எதற்கு? இனி எந்தப் போஸ்டரிலும் என் பேர் வராது.

உன் அம்மாவிடம் சொல். வேலைநிறுத்தம் தப்புத்தான். பூட்டிக் கிடந்த அந்த ஆஸ்பத்திரிக் கதவை நான் மறக்க மாட்டேன். ஆனால் தான் நம்பியதற்காக ஒரு வருடம் டைப்புக் கடையில் உட்கார்ந்தாளே, அந்த மாதிரி ஒருவர் சட்டசபையில் இருந்திருந்தால் நான் பொறுப்பை எழுதிக் கொடுத்திருக்க மாட்டேன். என் கட்சியில் தேடினேன். என் கூடப் பிறந்தவளிடம் இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பச்சரிசி, வெல்லம் எடுத்து வைத்துவிட்டேன். மஞ்சள் குலை இப்போது கிடைக்காது, கிழங்குதான். கரும்புக்கு மதுரை வரை சொல்லி வைத்திருக்கிறேன். ஆனி மாதத்தில் எவன் பொங்கல் படி கொண்டு போவான் என்று பஸ்ஸில் கேட்பார்கள். கேட்கட்டும். கண்டக்டரிடம் கொடுக்க மாட்டேன், தோளில்தான் வரும்.

காபியைச் சூடாக வைக்கச் சொல். எனக்கு விட்டுப்போன கால் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. வந்து எடுத்துக்கொள்கிறேன். அதுவரை,

அன்பு மாமா,
கோட்டைச்சமி